பக்கத்து நாற்காலியில் பாய் பேசிய வீடியோக்கள்

முப்பத்தெட்டு வயதில் என் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன.

அப்போது மந்தைவெளியில் ஒரு தனியார் பள்ளியில் வணிகவியல் ஆசிரியையாக இருந்தேன். பல வருடங்களாகத் தலைவலி இருந்தது. மதியத்துக்கு மேல் பின்மண்டை கனக்கும். வெயில் என்று நினைத்தேன், விடைத்தாள் திருத்துவதால் என்று நினைத்தேன். தெருமுனை மெடிக்கலில் கேட்டு ஒரு வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன். ரத்த அழுத்தம் என்பது வயதானவர்கள் சமாச்சாரம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். ஒரு நாள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் என் கையில் பட்டையைச் சுற்றி அளந்த நர்ஸ், போய் வேறொரு மெஷினை எடுத்து வந்து மறுபடி அளந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது.

டயாலிசிஸ் மையம் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் காலையில் போய் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நீளமான கூடம். சுவரோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்துவார்கள். ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. முதல் சில வாரங்கள் நான் யாரோடும் பேசவில்லை. எதிர்ச்சுவரில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"டீச்சராம்ல நீங்க? நர்ஸ் சொன்னாங்கோ" என்று ஒரு நாள் வலது பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அந்தச் சுவத்துல இன்னா படம் ஓடுது? வந்ததுலேர்ந்து பாத்துக்கினே கீறீங்க."

அவரைத்தான் எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டேன். திருவல்லிக்கேணியில் மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது, கடையில் இந்தத் தமிழ். சர்க்கரை வந்து இருபது வருடம், சிறுநீரகம் போய் மூன்று வருடம். குரல் மட்டும் அந்தக் கூடம் முழுக்க நிறையும். ஊசி குத்தும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். அவர் டெக்னீஷியன் பெண்ணிடம், "ஏம்மா, நேத்து சீரியல்ல அந்த மாமியார் திருந்திச்சா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பாய்க்கு அந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை அக்கா. கூவத்தை ஒட்டிய ஒரு தெருவில் அவரும் கணவரும் ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் சர்க்கரையால் வந்ததுதான். அதிகம் பேச மாட்டார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரமும் போனில் வீடியோ பார்ப்பார். சமையல், கோயில், கைவைத்தியம் என்று எது வந்தாலும் பார்ப்பார். நல்லதாக ஏதாவது வந்தால் எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அப்படி அவர் அனுப்பிய ஒன்றிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கட்டுமஸ்தான ஒரு இளைஞன், காலையில் எழுந்ததும் என்ன குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாய் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவன் ஒடம்புல ஒரு வியாதி கீதா சொல்லுங்கோ. இவன் இன்னாத்துக்கு எனக்குப் பாடம் எடுக்கறான்? கெட்டுப்போனவன் வந்து சொல்லணும் டீச்சர். எங்க கோட்ட விட்டோம்னு நமக்குத்தான தெரியும்."

"அப்ப நீங்களே பேசுங்களேன் பாய்" என்றேன். சும்மாதான் சொன்னேன்.

"நீங்க புடிங்கோ போன" என்றார்.

அன்றைக்கு நடக்கவில்லை. டெக்னீஷியன் கூடாது என்று சொல்லிவிட்டாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் பாய் கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். மற்ற நோயாளிகள் யாரும் படத்தில் வரக் கூடாது, மருந்துகளின் பெயர் எதையும் சொல்லக் கூடாது, இணையத்தில் போடுவதற்கு முன் ஒருமுறை தனக்குக் காட்ட வேண்டும் என்றார். "டெஸ்ட் பண்ணிக்கோங்க, டாக்டரைப் பாருங்க. இதுக்கு மேல போகாதீங்க பாய். பத்தியம்லாம் ஆளுக்கு ஆள் மாறும்."

என் வலது கை சும்மாதான் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனை அவர் பக்கம் பிடித்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஊசி குத்தியிருந்த கையைக் கண்ணால் காட்டினார்.

"எல்லாருக்கும் சலாம், வணக்கம். இந்தக் கையப் பாருங்கோ. பாம்பு மாதிரி வீங்கிகினு கீது இல்ல? இது மேல வெரல வெச்சா உறுமும். மெஷினுக்கோசரம் நரம்ப வெட்டி ஒட்டிக்கிறாங்கோ. எனக்கு சக்கரை வந்து இருவது வருசம். கால் எரிஞ்சா மாத்திரை போடுவேன், எரிச்சல் நின்னா மாத்திரைய நிறுத்துவேன். கிட்னி வலிச்சா போயி பாத்துக்கலாம்னு இருந்தேன். அது வலிக்கவே இல்லப்பா. கடைசி வரைக்கும் வலிக்கல. ஒரு நாள் மூஞ்சி வீங்கிச்சு, மூச்சு வாங்கிச்சு, அப்பால இந்தச் சேருதான். நீங்க அப்டி இருக்காதீங்கோ. ரத்தத்துல ஒரு டெஸ்ட்டு, ஒண்ணுக்குல ஒரு டெஸ்ட்டு, கையில பட்டை கட்டி பிரஷர் பாக்கறது. வருசத்துக்கு ஒருவாட்டி போங்கோ. அவ்ளோதான். மெஷின் கத்துது, நான் வரேன்."

மெஷின் நிஜமாகவே கத்தியது. டெக்னீஷியன் ஓடி வந்தாள். அந்தச் சத்தத்தோடு வீடியோ முடிந்தது. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், அதுவும் பேசட்டும்" என்றார்.

முதல் சில வீடியோக்களைச் சொந்தக்காரர்களும் கண்ணாடிக் கடை வாடிக்கையாளர்களும்தான் பார்த்தார்கள். உப்பைப் பற்றி அவர் பேசியதுதான் முதலில் ஓடியது. ஊறுகாய் பாட்டில், அப்பளக் கட்டு, சிப்ஸ் பாக்கெட் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, விவாகரத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றிடமும் விடைபெறுவார். சிரிக்காமல் அதைப் பார்க்க முடியாது. கடைசியில் அப்பளக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது போனா போவுது. என் பொண்ணு கல்யாணத்துல ஒரு டம்ளர் தண்ணிய முழுசாக் குடிக்க முடியல, அதான் இன்னும் மனசுல கீது" என்பார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தண்ணீரைக் கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிடுவார்கள். அது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச்சுற்றி, எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் போன் வழியாக எனக்கே திரும்பி வந்தது.

அடிக்கடி போடும் வலிமாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைப் பற்றிப் பேச என்னைத்தான் இழுத்தார். முகம் காட்ட மாட்டேன் என்றேன். அதனால் பாயின் முகத்தைக் காட்டிக்கொண்டே என் கதையை நான் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மக்கள் என்னை 'டீச்சர் குரல்' என்று எழுத ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து படியிறங்கியபோது கீழே ஒரு இளைஞர் நின்றிருந்தார். வேளச்சேரியில் குடியிருப்பவர், ஐ.டி. வேலை. கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீடியோவில் ஜன்னல் வழியாகத் தெரிந்த கடைப் பலகையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தாராம்.

"பாய், உங்க வீடியோவ எங்க டீம்ல ஒருத்தன் காமெடின்னு அனுப்பினான். பாத்துட்டு சும்மா போய் பிரஷர் பாத்தேன். இருநூறுக்குப் பக்கத்துல இருந்துச்சு. எனக்கு இருபத்தொம்பதுதான் ஆகுது" என்றார்.

"கிட்னி இன்னா சொல்லுது?"

"யூரின்ல கொஞ்சம் ப்ரோட்டீன் போகுதாம். இப்பவே வந்ததால நிறுத்தி வைக்கலாம்னாங்க."

பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரைய வுட்றாத நைனா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன் ஆட்டோ பிடித்துக் கொடுத்து, எங்களை ஏற்றிவிட்டுத்தான் போனார். வழி முழுவதும் பாய் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஒருத்தன் டீச்சர். ஒருத்தன் இந்தச் சேருக்கு வராம போனான்" என்றார்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான் நீடித்தது.

சிந்தாதிரிப்பேட்டை அக்கா எங்கள் வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்ப்பார். மற்றவர்களுக்கும் அனுப்புவார். ஒரு நாள் இயர்போனைக் கழற்றிவிட்டு பாயிடம் போனை நீட்டினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பின்னால் புத்தக அலமாரி. அந்த மனிதர் மெதுவாக, அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார். மெஷினுக்கு அடிமையாகக் கிடக்க வேண்டாம். நான் சொல்லும் இலையைக் கஷாயம் வைத்துக் குடியுங்கள், தினமும் இளநீர் குடியுங்கள், செத்துப்போன சிறுநீரகம் மறுபடி வேலை செய்யும். கீழே கஷாயப் பொடியை வரவழைக்க ஒரு எண்.

"இவர் சொல்றது நெசமா பாய்? எவ்ளோ பேரு குணமாயிட்டேன்னு எழுதிக்கிறாங்கோ பாருங்க."

"இளநீயா?" பாயின் குரல் உயர்ந்துவிட்டது. "தங்கச்சி, நமக்கு இளநீ வெஷம், அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. ஹார்ட்டு அப்டியே நின்னுடும். டாக்டரம்மா எத்தினி வாட்டி சொல்லிக்கிறாங்கோ! இவன் பொடி விக்கறான் மா. டெலிட் பண்ணு அத."

அக்கா போனை வாங்கிக்கொண்டார். "சும்மாதான் கேட்டேன்" என்று இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் டாக்டரிடம் சொன்னேன். அவரும் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பொறுமையாகப் பேசினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. முதல் நாள், ஊருக்குப் போயிருப்பதாக அவர் கணவர் போனில் சொன்னார். அடுத்த முறை மையத்திலிருந்து கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அந்த நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்ததும், "இன்னிக்கு முடிச்சிட்டு நேரா போலாம்" என்றார் பாய். டயாலிசிஸ் முடிந்தால் எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் தோன்றும், கால்கள் துவளும். என் கணவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு அவரோடு ஆட்டோவில் ஏறினேன்.

ஜெராக்ஸ் கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. பின்னாலேயே வீடு. கட்டிலில் தலையணைகளை அடுக்கி அக்காவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, கண்கள் கோடாகியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. ஜன்னல் ஓரம் சீவிய இளநீர்க் கூடுகள் கிடந்தன. அடுப்பு மேடையிலிருந்து கஷாய நெடி அடித்தது.

"நல்லாத்தான் இருந்தா பாய்" என்றார் அவர் கணவர். கெட்ட மனிதர் இல்லை. அழுது அழுது அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. "ஊசி இல்ல, வலி இல்லன்னு சந்தோசமா இருந்தா. மூச்சு வாங்கறது, கெட்ட நீர் எறங்கறதுன்னு அந்த வீடியோக்காரர் போன்ல சொன்னாரு. இன்னும் மூணு நாள் பொறுத்துக்கச் சொன்னாரு."

பாய் கட்டிலருகே போய்த் தலையணைகளை விலக்கினார். "எறக்குங்கோ, ஆட்டோ நிக்குது" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தார். பேச மூச்சு இல்லை. "திட்டுவீங்கோன்னுதான் சொல்லல" என்று மட்டும் துண்டு துண்டாகச் சொன்னார்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆட்டோவில் ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவர் கணவரும் தாங்கிக்கொண்டோம். பாய் முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் மெஷினைத் தயார் செய்தார்கள். குழாயைப் பொருத்துவதற்குள் இதயம் நின்றுவிட்டது. திரைக்குப் பின்னால் நெஞ்சை அழுத்தும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஓடி வந்தாள். அழுது முடித்து ஓய்ந்திருந்தபோது, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் என்னிடம் சொன்னாள். "அம்மா அந்த ஆளத் தேடிப் போகல டீச்சர். உங்க வீடியோ முடிஞ்சதும் அடுத்து அது தானா வந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் செய்யறீங்கன்னு மொதல்ல நெனச்சாங்க."

அன்று வீட்டில் என் போனிலேயே அதைப் பார்த்தேன். பாய் தன் கையைக் காட்டிப் பேசும் முதல் வீடியோ. மெஷின் கத்துது, நான் வரேன். திரை ஒரு கணம் கறுப்பானது. பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். சிறுநீரகத்தைப் பற்றி ஒருவர் பார்த்தால் அடுத்ததும் சிறுநீரகத்தைப் பற்றித்தான் வரும். எது உண்மை, எது பொடி வியாபாரம் என்பது அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் கணினிக்குத் தேவையில்லாத விஷயம். பயந்துபோன ஆட்களை நாங்கள் தேடித்தேடித் திரட்டியிருந்தோம். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் வாசலில் நின்று அவர்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

பாய் இதைக் கேட்டதும் என்னைப் போனைப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு வீடியோ பேசினார். அக்கா யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவருடைய குடும்பம் கேட்டுக்கொண்டபடி ஒரு அடையாளமும் சொல்லவில்லை. எங்களோடு படுத்திருந்த ஒருத்தர் மெஷினை விட்டுவிட்டு இலையை நம்பினார், அவர் இப்போது இல்லை என்று மட்டும் சொன்னார். அதில் அவர் சிரிக்க வைக்கவில்லை. ஊசி கழற்றும் நேரத்தில் எடுத்ததால் குழாயில் ரத்தம் தெரிந்தது.

வெள்ளைச் சட்டைக்காரரின் ஆட்கள் திரண்டு வந்தார்கள். மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கியவர் என்று எழுதினார்கள். தொப்பியைப் பற்றி எழுதினார்கள், மதத்தைப் பற்றி எழுதினார்கள். நான் அவற்றை அழித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் கூட்டமாகப் புகார் செய்திருக்க வேண்டும். பார்க்கத் தகாத ரத்தக் காட்சி இருப்பதாகச் சொல்லி எங்கள் வீடியோவை நீக்கிவிட்டதாக அந்தத் தளத்திலிருந்து ஒரு வரி வந்தது. இளநீர் குடிக்கச் சொல்லும் வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் செய்த புகாருக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில்.

"வுடுங்கோ டீச்சர்" என்றார் பாய். "நாளைக்கு உப்பு பத்தி இன்னொண்ணு பேசறேன். இந்த வாட்டி கருவாடு."

ஆனால் அவர் உடம்பு அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. செருப்பு உரசிய ஒரு சின்னப் புண், கால் கட்டைவிரலில், ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரலையும் எடுத்தார்கள். டயாலிசிஸ் நடுவில் ரத்த அழுத்தம் சரிந்து, வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பும். தெளிந்ததும் என்னைப் பார்த்து, "எடுத்தீங்களா?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். "எடுத்துக்கணும். சக்கரை இன்னா பண்ணும்னு பாக்கட்டும்" என்பார். அந்தக் காட்சிகளை நான் ஒருநாளும் எடுக்கவில்லை. கட்டுப் போட்ட காலை அவரே ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று ஒரு வீடியோ பேசினார். கண்ணாடிக்காரன் சொல்கிறேன், கேளுங்கள் என்றார். அவர் பேசியதில் அதுதான் மிக நல்ல வீடியோ என்று டாக்டரம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. அதனால் திங்கட்கிழமைக்கு முந்தைய இடைவெளி ஒரு நாள் அதிகம். உடம்பில் நீரும் உப்பும் சேர்ந்துவிடும், எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தான இடைவெளி அது. ஒரு திங்கட்கிழமை பாய் வரவில்லை. எனக்கு ஊசி குத்தி முடித்த டெக்னீஷியன் போன் பேசப் போனாள். திரும்பி வந்தவள் என் மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து, உயிர் போய்விட்டதாம்.

என்னால் எழுந்து போக முடியவில்லை. ரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நான்கு மணி நேரமும் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். நான் திருவல்லிக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அடுத்த புதன்கிழமை அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். காத்திருப்பவர்கள் நிறைய.

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் என்பதால் பாயின் மனைவி என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாடியில் ஒரு சின்ன அறை. பாயின் போனை என் முன்னால் வைத்தார்.

"டீச்சரம்மா, இது அடிச்சிக்கினே கீது. எனக்குத் தமிழ் படிக்க வராது. இன்னா எழுதறாங்கோ?"

எடுத்துப் பார்த்தேன். 'பாய், எங்கப்பாவுக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் ஏறிடுச்சு, பயப்படணுமா?' 'பாய், காணோமே, உடம்பு சரியில்லையா?' 'பாய், நீங்க சொன்ன மாதிரி அம்மாவுக்கு டெஸ்ட் பண்ணோம், நல்லவேளை.' ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். நடுவில் நான் நிறுத்தியதை அவர் கவனித்துவிட்டார்.

"திட்டு வருதா?"

"ஒண்ணு ரெண்டு வருதும்மா."

"அதையும் படிங்கோ."

படித்தேன். அவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும், "அவர் போயிட்டார்னு சொல்லிடுங்கோ" என்றார். "ஜனங்கோ உசுரோட கீறார்னு நெனச்சிக் கேட்டுக்கினு கீறாங்கோ. அது பாவம். ஆனா மூட வேணாம். அந்த அப்பாவுக்குப் பதில் சொல்லுங்கோ மொதல்ல."

அங்கேயே உட்கார்ந்து, உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அந்த அப்பாவுக்குப் பதில் எழுதினேன். அடுத்த நாள் முதல்முறையாக என் முகத்தைக் காட்டி வீடியோ எடுத்தேன். என் கணவர் போனைப் பிடித்தார். பாய் இறந்துவிட்டார் என்று சொன்னேன். மெஷினால் அவருக்குக் கூடுதலாக ஐந்து வருடம் கிடைத்தது, மகளின் கல்யாணத்தைப் பார்த்தார், உங்களிடம் பேசினார் என்று சொன்னேன். குரல் உடைந்தது. மறுபடி எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தி.நகரில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தார். "உன்ன ஒரு வீடியோல பாத்தேன். நீ எதுக்கு அந்தப் பொடிக்காரன்கிட்ட போன?" என்றார்.

என் வீடியோவின் முதல் பத்து விநாடியை வெட்டி எடுத்திருந்தார்கள். பாய் இறந்துவிட்டார் என்று நான் அழுகையோடு சொல்கிறேன். அடுத்து வெள்ளைச் சட்டைக்காரர் கைகூப்பிக்கொண்டு வருகிறார். பாவம், மெஷினை நம்பிய இன்னொரு உயிர், நான் அன்றே எச்சரித்தேன் என்கிறார். கீழே அதே எண். பாய் உயிரோடு இருந்தபோது பேசிய எந்த வீடியோவையும் விட அதிகம் பேர் அதைப் பார்த்திருந்தார்கள்.

புகார் எழுதினேன். டாக்டரம்மாவும் எழுதினார். வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். போலீஸில் கொடுத்தோம். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் நீக்கினால் வேறு பெயரில் மூன்று இடத்தில் வந்தது. இப்போதும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாரோ ஒரு அக்கா இயர்போனை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் அழுகைதான் அவரை நம்ப வைக்கும்.

அந்த மாதம் முழுக்க நான் போனைத் தொடவில்லை. என் கணவர்தான் ஒரு நாள், கேள்விகள் குவிந்து கிடக்கின்றன என்றார். மறுபடி பதில் எழுத ஆரம்பித்தேன். வீடியோவும் எடுக்கிறேன். எனக்கு பாயைப் போல் சிரிக்க வைக்க வராது. வகுப்பெடுப்பதுபோல இருக்கிறது என்கிறார்கள். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன மாதம் அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசக் கூப்பிட்டார்கள். இணையத்தில் பேசுவதை விட நேரில் போவது மேல் என்று இப்போதெல்லாம் தோன்றுவதால் போனேன். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சமோசா கொடுத்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. பிரஷர் மெஷினோடு என் கணவர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் வயதுள்ள ஒரு பெண் மட்டும் கையில் தட்டோடு தயங்கித் தயங்கி வந்தார்.

அளந்தோம். அதிகமாக இருந்தது. "மாடி ஏறி வந்தேன்ல, அதான்" என்றார். சமோசாவை வாங்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொன்னேன். கீழே பஸ்கள் போகும் சத்தம் கேட்டது. மறுபடி அளந்தோம். இறங்கவில்லை.

"தலைவலி வருமா உங்களுக்கு?"

"எப்பவாவது. மாத்திரை போட்டா போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "இதுக்கு மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே. ஒரு வீடியோல சொன்னாங்க. இயற்கையா குறைக்க ஏதாவது இருக்கா?"

என் சேலைத் தலைப்பை விலக்கி, இடது கையை மேஜை மேல் வைத்தேன். அவர் வீங்கிய நரம்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல டாக்டரப் பாக்க முடியுமா உங்களால?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. பாக்கறேன்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். படிக்கட்டு வரை போய், என்ன நினைத்தாரோ, அங்கேயே நின்றார். என் கணவர் மெஷினைப் பைக்குள் வைக்கப் போனார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.